மூன்று நாள் இழுப்பறை

மரியாதைக்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு உங்கள் தம்பி மனைவி வணங்கி எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் நலமாகவே இருக்கும். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். ஐந்தாவது வரைதான் படித்தவள், எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

ஏழு வாரத்துக்கு முன்னால் உங்கள் தம்பியைக் கடைசியாக வழியனுப்பிய அன்றைக்கு, வாசலில் பத்துப் பேர் நடுவே நின்று ஒன்று சொன்னீர்கள். "பாவம், லைப்ரரில அவனுக்கு அப்படி என்ன வேலை? மேலேர்ந்து வர்ற காகிதத்தைக் கீழே குடுக்கணும், கீழேர்ந்து வர்றதை மேலே குடுக்கணும். இதுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி!" அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகையே நின்றுவிட்டது. அந்த வார்த்தையை அதே பத்துப் பேர் முன்னால் நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் நினைத்ததைத்தான் மேல்மாடியில் இருக்கும் தலைமை நூலகர் அம்மாவும் நினைத்தார். நடுவில் ஒரு மேற்பார்வையாளர் எதற்கு, இனி காகிதம் நேராகப் போகட்டும் என்று உங்கள் தம்பி இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். போன வாரம் அவருடைய ஸ்வெட்டரையும் டீ டம்ளரையும் எடுத்து வரலாம் என்று போனேன். உள்ளே நுழைந்தால் படிக்கிற கூடத்தில் அத்தனை பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நின்றுகொண்டு பேப்பர் படிக்கிறார்கள். ஒரு நாற்காலி இல்லை. நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது, அகற்றவும் என்று மேலிருந்து காலையில் சீட்டு வந்ததாம், மத்தியானத்துக்குள் அகற்றிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள், தடிமனான புத்தகங்கள் மேல்தட்டில் இருந்தால்தான் கம்பீரம் என்று ஒரு சீட்டு, அதையும் உடனே செய்து, அகராதி எடுக்கப் போன ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழிருந்தும் சும்மா இல்லை. புத்தகம் வாங்கி வைக்கிற கவுண்டரில் இருக்கும் அம்மா ஏதோ சலிப்பில், ஆளாளுக்குத் தினமும் புத்தகத்தைத் திருப்பித் தந்தால் நான் என்ன செய்வேன் என்று எழுதிக் கொடுக்க, அது நேராக மேலே போய், இனி செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திருப்பித் தரலாம் என்று ஆணையாக இறங்கி வந்துவிட்டது. ஜனங்கள் ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போகிறார்கள். ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. சமையல் புத்தகம்.

கூடத்தின் நடுவே தலைமை நூலகர் அம்மா தலையில் கை வைத்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் இந்த மாதிரி ஆர்டர் எல்லாம் போட்டதே இல்லையேம்மா!" என்றார்.

புத்தகம் தைக்கிறவர் பசைக் கையோடு சொன்னார்: "போட்டீங்கம்மா. இதைவிட மோசமாவே போட்டீங்க. எங்க கைக்குத்தான் வரலை."

அந்தச் சீட்டெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், அத்தான். சாவிக்கொத்து என்னிடம்தான் இருந்தது. அவர் மேசையின் பெரிய இழுப்பறையைத் திறந்தேன். 'மேலிருந்து' என்று ஒரு கட்டு, 'கீழிருந்து' என்று ஒரு கட்டு. வீட்டில் தினமும் சொல்லுவாரே! எந்தக் காகிதம் வந்தாலும் மூன்று நாள் அதற்குள் படுக்க வேண்டும். மறுபடி கேட்டால் இன்னும் மூன்று நாள். மூன்றாம் முறையும் கேட்டால் நிஜமாகவே வேண்டும் என்று அர்த்தம், அன்றைக்கே செய்துவிடுவார். தூங்குமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். மழையில் கூரை ஒழுகிய அன்று ஈரக் காகிதத்தோடு ஒரே மூச்சில் மேல்மாடிக்கு ஓடினவர் அவர்தான். எது ஊறணும், எது ஓடணும் என்று தெரிவதுதான் அந்த உத்தியோகம், அத்தான்.

தலைமை நூலகர் அம்மா முதல் சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "நாற்காலிகளை அகற்றவும். எட்டாம் தேதி." கீழே உங்கள் தம்பி கையெழுத்தில்: "பதினொன்றாம் தேதி. நாற்காலி போதவில்லை என்று அம்மாவே வருத்தப்பட்டார்." நாலு வருஷத்துக்கு முந்தையது. இன்னொரு கட்டில் புத்தகம் தைக்கிறவரின் ராஜினாமாக் கடிதம் ஆறு கிடைத்தது. அவர் பாய்ந்து வந்து பிடுங்கி, பசை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டார். தலைமை நூலகர் அம்மா உங்கள் தம்பி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அது ஒன்றுதான் அங்கே மிச்சம். "இத்தனை வருஷமா நான் நல்ல நிர்வாகின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

"நல்ல நிர்வாகிதாம்மா. பாதி மேல இருந்துச்சு, பாதி இந்த இழுப்பறையில இருந்துச்சு" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

நாற்காலிகள் அன்றைக்கே திரும்பின. அவருடைய இடத்துக்குக் கவுண்டர் அம்மாவைப் போட்டிருக்கிறார்கள். இழுப்பறைச் சாவியை என் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டு, எல்லோரும் எழுந்து நின்றார்கள். இந்தத் தடவை நாற்காலி இல்லாததால் இல்லை. என் புருஷன் தபால்காரன் வேலை பார்க்கவில்லை, அத்தான். ஒரு கட்டடத்தையே, மேலும் கீழும் மோதிக்கொள்ளாமல், நடுவில் நின்று தாங்கியிருக்கிறார்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு இப்போதைக்கு வணக்கம் மட்டும். மற்றதெல்லாம் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிய பிறகு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். இழுப்பறையின் அடியில் மூன்றாவதாக ஒரு கட்டு இருந்தது, யாரும் பார்க்காமல் ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தேன். இப்போதுதான் பிரித்தேன். மேலே 'வீடு' என்று எழுதியிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக நான் சொன்னதெல்லாம் தேதி போட்டு இருக்கிறது! "அண்ணன் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்கிறாள். மூன்று நாள் பொறுக்கவும்." நாலாம் நாள் நாங்கள் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறோம். "சமையலறை ஜன்னல் கொக்கி. இரண்டாம் முறை கேட்டாள்." அதற்கப்புறம் நான் கேட்கவில்லை, துணியைச் செருகிவைத்தேன், பதினோரு வருஷமாக அந்தத் துணிதான். ஊரையே ஏமாற்றினவர் என்னை மட்டும் விடுவாரா? ஒரே ஒரு சீட்டுதான் வேறு மாதிரி இருக்கிறது. "மத்தியானம் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றாள்." அதே தேதியில் கீழே, "முடிந்தது." கல்யாணமான இரண்டாம் மாதம் அது. அன்றிலிருந்து கடைசிவரைக்கும் தினமும் மத்தியானம் சைக்கிளில் வந்துவிடுவார்.

அந்த வார்த்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அத்தான். அதற்குப் பதிலாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஜன்னல் கொக்கியை மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். மத்தியானமாகவே வாருங்கள். நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன்.