பத்துக்கு மேல் செய்வதில்லை

சிக்னலில் பச்சை விழுந்தபோது, கார் ஜன்னலை ஏற்றி இறக்கும் கைப்பிடி கண்ணாடிக்கடைக்காரரின் கையில் இருந்தது. கதவில் இல்லை. மழை வேறு. பாதி இறங்கிய ஜன்னல் வழியே சாரல் அவர் சட்டைப்பையைக் குறி வைத்து அடித்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் கைப்பிடியைப் பக்கத்தில் இருந்த மனைவியிடம் நீட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

“இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” என்றாள் மனைவி.

அது அந்த மாதத்தில் உடைந்த மூன்றாவது கைப்பிடி. மூன்றையும் கொடுத்தவன் அவளுடைய தம்பிதான். உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவன். ஒவ்வொரு தடவையும், “இது ஒரிஜினலுக்கே அண்ணன், மாமா” என்று சொல்லித்தான் கொடுத்தான். முதல் அண்ணன் நாலு நாள் தாங்கினார். அடுத்தவர் ஒரு வாரம். மூன்றாமவர் சிக்னல் வரைக்கும்.

வண்டிக்கு வயது பத்தொன்பது. மகள் பிறப்பதற்கு முந்தின வருடம் வாங்கியது. கம்பெனி அந்த மாடலை எப்போதோ கைவிட்டுவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் கைவிடவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை பெயிண்ட் அடித்தார், அதுவும் பழைய சாம்பல் நிறத்தையே. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். பழகின பொருளை மாற்றினால் அவருக்குத் தூக்கம் வராது.

மெக்கானிக் உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். பழைய வண்டிகளுக்குக் கையாலேயே பாகம் செய்கிற ஒருவர் இருக்கிறாராம். எதைச் செய்தாலும் பத்துதான் செய்வாராம். பதினொன்று கேட்டால் கிடையாதாம். “விலை மட்டும் உட்கார்ந்துக்கிட்டுக் கேளுங்க” என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் நின்றுகொண்டு கேட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்தார். அந்த விலைக்கு மச்சினன் கடையில் நாலு ஜன்னலுக்கும் கைப்பிடி வாங்கி, மிச்சத்தில் ஒரு கதவையே வாங்கலாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, போனில் இருந்தவர் வண்டியின் நம்பரைக் கேட்டார். மாடல் தெரிந்தால் போதாதா என்று நினைத்துக்கொண்டே இவர் நம்பரைச் சொன்னார்.

அதற்குப் பிறகு இவர் இரண்டு முறை ஹலோ சொல்ல வேண்டியிருந்தது.

“வண்டி இன்னும் ஓடுதுங்களா?” என்றது குரல்.

“ஓடுது.”

“நல்லா இருக்கா?”

ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பற்றி விசாரிக்கிற தொனி அது. கண்ணாடிக்கடைக்காரர் நல்லா இருக்கு என்று சொல்லி, கைப்பிடிக்கும் சரி என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பழைய துணியில் சுற்றிய இரும்புக் கைப்பிடி. கூடவே ஒரு சீட்டு. அதில் ‘பத்தில் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. மெக்கானிக் ஒரு திருகாணியில் மாட்டிவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டினார். கை தேடவில்லை, நேராகப் போய்ப் பிடித்தது. ஜன்னல் வெண்ணெயாக ஏறியது.

மச்சினன் வந்து கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். இரும்பு இரும்புதான், கையால் செய்தால் என்ன, காலால் செய்தால் என்ன என்பது அவன் கட்சி. தொழிற்சாலையில் லட்சம் செய்கிறவனுக்குத் தெரியாததா பத்து செய்கிறவனுக்குத் தெரியப்போகிறது என்றான். விலையைச் சொன்னதும் அக்காவைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ பேசினான்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கைப்பிடி கைக்கு அத்தனை இசைவாக இருக்க, மற்றதெல்லாம் அந்நியமாகத் தெரிந்தது. கியர் கம்பியின் தலையில் இருக்கும் குமிழை இத்தனை வருடமாகப் பிடித்து ஓட்டியவர்தான். இப்போது அதைப் பிடித்தால், முன்பின் தெரியாத ஆளோடு கை குலுக்குவது போல் இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குமிழுக்கும் சொல்லிவிட்டார்.

அதுவும் வந்தது. பத்தில் ஒன்று. உள்ளங்கை அழுந்துகிற இடத்தில் லேசாகத் தட்டையாக இருந்தது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிய லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான கீறல்கள். எல்லாம் ஒரே திசையில், ஒரே வளைவில், மோதிர விரல் படுகிற இடத்தில். அவர் தன் மோதிரத்தைக் கழற்றி அந்த வளைவின் மேல் வைத்தார்.

பொருந்தியது.

மோதிரத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அன்றைக்குக் கண் சோதிக்க வந்தவரிடம் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் படித்து முடித்த பிறகும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் தானாக எழுந்து போனார்.

மாலையில் பட்டறைக்குப் போன் செய்தார்.

“கைக்குப் பொருந்துதுங்களா?” என்றது குரல்.

“பொருந்துது. அதுதான் பயமா இருக்கு.”

“அப்ப சரிங்க” என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

மாமாவின் பயத்தைப் போக்க மச்சினன் தன் கடையிலிருந்து ஒரு குமிழ் கொண்டுவந்தான். பளபளவென்று வெள்ளி நிறம். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். அவனே மாட்டி, அவனே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மேம்பாலத்தின் உச்சியில் மூன்றாவது கியர் போட்டபோது குமிழ் மட்டும் கையோடு வந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு பேரும் இறங்கி, பாலம் முழுக்க ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வண்டியை ஓரம் கட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி பட்டறைக் குமிழே ஏறியது. மச்சினன் அதைத் தொடாமல் துணியால் பிடித்துக் கொடுத்தான்.

அடுத்து இருக்கை. பத்து வருடமாகக் கண்ணாடிக்கடைக்காரருக்கு இடுப்பு வலி. டாக்டர் வயது என்றார், மனைவி தொப்பை என்றாள். குமிழ் சரியானதும், வலிக்கு இருக்கைதான் காரணம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆசை ஜெயித்தது. ஒரு சின்ன வேனில் ஓட்டுநர் இருக்கை வந்து இறங்கியது. மேலே புதுத் துணி தைத்திருந்தார்கள். அவர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கியபோது, இடுப்பைப் பிடித்துக்கொள்ள மறந்துபோனார்.

அவர் இறங்கியதும் மனைவி ஏறிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். நாற்பது பிள்ளைகளின் சலசலப்பில் பொய் சொல்கிற ஒன்றை மட்டும் கண்டுபிடிக்கிறவள். இரண்டு விநாடி உட்கார்ந்திருப்பாள். சட்டென்று எழுந்துவிட்டாள்.

“இது புது சீட்டு இல்லைங்க. யாரோ வருஷக்கணக்கா உக்காந்த சீட்டு.”

“யாரு?”

அவள் இருக்கையின் பள்ளத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிற கணவனைப் பார்த்தாள். பள்ளமும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

“நீங்க” என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். தம்பி அக்காவுக்காகப் பரிந்து வந்து, அந்தப் பட்டறைக்காரன் எங்கோ மறைந்திருந்து மாமாவை அளவெடுக்கிறான், இல்லாவிட்டால் இத்தனை விலை எதற்கு என்றான். கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து கடையில் முதுகைச் சுவரோடு வைத்தே உட்கார்ந்தார். பட்டறைக்கு இனிமேல் போன் செய்வதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். செய்யவும் இல்லை.

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பார்சல் வந்தது.

யாரும் கேட்கவில்லை. காசும் அனுப்பவில்லை. பிரித்தால், காரில் முன் இருக்கைக்கு எதிரே, காகிதமெல்லாம் போட்டு வைக்கிற சின்னப் பெட்டியின் மூடி. அதே சாம்பல் நிறம். மனைவி அதைத் திருப்பினாள். உள்பக்கம் ஊசியால் கீறிய எழுத்து. ‘அப்பா’ என்று எழுத முயன்றிருந்தது. ஆனால் பின்னால் வர வேண்டிய துணைக்கால் முன்னால் போய் நின்றது.

மனைவி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். அவளிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாத் தப்பையும் பார்த்திருக்கிறாள். காலை முன்னால் போட்டு அப்பா எழுதியது ஒரே ஒரு பிள்ளை. அவள் வயிற்றில் பிறந்தது.

விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்குப் போன் போட்டார்கள். முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். ஐந்து வயதில், அப்பா பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில், ஹேர்பின்னால் அப்படி ஒன்று கீறியது உண்மைதான் என்றாள். திட்டுவார்களென்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போதாவது பார்த்தீர்களே என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் வெளியே போய் வண்டியைத் திறந்தார். பெட்டியின் மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

“கிளம்புங்க” என்றாள் மனைவி. பார்சலின் மேல் இருந்த விலாசத்தை ஏற்கெனவே கிழித்துக் கையில் வைத்திருந்தாள்.

மச்சினனையும் வழியில் ஏற்றிக்கொண்டார்கள். அக்காவும் தம்பியும் பின்னால் உட்கார்ந்தார்கள். முன் பக்கம் அவர் மட்டும். வண்டி அத்தனை சுகமாக ஓடியதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். முதலில் காரைத்தான் பார்த்தார். அதன் கூரையைக் கையால் தடவினார். பிறகு இவர்களைப் பார்த்து, வருவீர்கள் என்று தெரியும் என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். இதுவரை அனுப்பிய பணம் அத்தனையும் அதில் இருந்தது.

“பாத்தீங்களா மாமா, அவரே ஒத்துக்கிட்டாரு” என்றான் மச்சினன்.

கண்ணாடிக்கடைக்காரர் கவரை வாங்கவில்லை.

“பத்துல ஒண்ணு எனக்கு வந்துச்சு. மீதி ஒன்பதைக் காட்டுங்க.”

பட்டறைக்காரர் அலமாரிக்குக் கூட்டிப்போனார். ஒன்பது கைப்பிடிகள் வரிசையாக இருந்தன. அடுத்த தட்டில் ஒன்பது குமிழ்கள். எல்லாம் புத்தம் புதுசு. ஒரு கீறல் கிடையாது. ஒன்றிலும் தட்டை இல்லை, மோதிரத் தடம் இல்லை. மச்சினன் ஒரு குமிழை எடுத்து எடை பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். நல்ல வேலை என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, உடனே கீழே வைத்தான்.

மாதிரி ஒன்று, அதைப் பார்த்து ஒன்பது, ஆக மொத்தம் பத்து என்றார் பட்டறைக்காரர். இவருக்கு அனுப்பியதெல்லாம் அந்த மாதிரிதானாம்.

“மாதிரி எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள் மனைவி.

அவர் கொட்டகையின் பின்பக்கத் தார்ப்பாயை விலக்கினார். அங்கே ஒரு கார் நின்றது. இவர்களுடையதைப் போலவே ஒன்று. அதே மாடல், அதே சாம்பல் நிறம். ஓட்டுநர் இருக்கை இல்லை. கியர் கம்பிக்குத் தலை இல்லை. முன்னால் பெட்டி இருந்த இடம் மூடியில்லாமல் வாயைப் பிளந்திருந்தது.

போன வருடம்தான் வாங்கினேன் என்றார். அதன் சொந்தக்காரர் பெயிண்ட் அடித்து எடுத்துப்போன அதே வாரத்தில் வெளிநாடு போய்விட்டாராம். பதினோரு வருடமாக வண்டியை யாரும் தொடவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே இரும்பில் அடித்திருந்த நம்பரும் வண்டிக் காகிதத்தில் இருந்த நம்பரும் ஒத்துப்போகவில்லையாம். அன்றிலிருந்து அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றும் வாய் வரவில்லை.

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்கதானே?”

“ஆமாங்க” என்றார் பட்டறைக்காரர், தலையைக் குனிந்தபடி. “அப்ப நான் பெயிண்டர். ஒரே வாரத்துல ஒரே மாதிரி ரெண்டு வண்டி வந்துச்சு, நம்பர் பிளேட்டை மாத்தி மாட்டிட்டேன். நீங்க இத்தனை வருஷமா ஓட்டுறது அவரோட வண்டி, நான் பார்சல்ல அனுப்பிக்கிட்டிருக்கிறதுதான் உங்க வண்டி.”