மேற்படி மனைதாரர்

சைபுல்லா அளவு நாடாவின் ஒரு முனையைச் செல்லதுரையிடம் கொடுத்து, “அந்த மூலை வரைக்கும் போய்ப் பிடிங்க சார்” என்றார். செல்லதுரையும் போய்ப் பிடித்தார்.

செல்லதுரை நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். அறுவடைக் காலத்தில் தன் மூட்டைக்கு முறை கேட்டு வீடு தேடி யாராவது வருவது வழக்கம். ராஜகிரியிலிருந்து வந்த இந்த மனிதரும் அப்படித்தான் என்று நினைத்து, உட்காரச் சொல்லி, காபியும் கொடுத்தாகிவிட்டது. நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், நெல் விஷயமாக வந்தவர் கூடத்தை ஏன் அளக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது.

“பதினெட்டு அடி” என்று குறித்துக்கொண்டார் சைபுல்லா. “காயாரோகணம் இருபதுன்னாரு.”

“எதுக்கு பாய் அளக்கிறீங்க?”

“வாங்குற வீட்டை அளக்காம எப்படி வாங்குறது? உங்ககிட்ட அவர் சொல்லலையா?”

சமையலறை வாசலில் நின்ற காளியம்மாள் கணவனைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அடுப்பில் வஞ்சிரக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நேற்று நாகப்பட்டினம் பஸ்ஸில் வந்த மீன். அதை அனுப்பியவர் வீட்டுக்காரர் காயாரோகணம்.

காயாரோகணம் கடலோரத்தில் விசைப்படகு வைத்திருப்பவர். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, இனிக் கடலை நம்புவதில்லை என்று முடிவு செய்து, பாபநாசத்தில் கோயில் பக்கமாக மேல மடவிளாகத் தெருவில் இந்த ஓட்டு வீட்டை வாங்கினார். ஆறே மாதத்தில் கடலோடு சமாதானமாகிவிட்டார். வீட்டைத்தான் மறந்துவிட்டார். கடந்த பத்து ஆண்டுகளாகச் செல்லதுரை குடும்பம் இதில் வாடகைக்கு இருக்கிறது.

எந்தக் குறையைச் சொன்னாலும் காயாரோகணம் மறுத்துப் பேச மாட்டார். ஓடு ஒழுகுகிறது என்று போன் செய்தால் மறுநாள் ஒரு பை நெத்திலிக் கருவாடு வரும். சுவர் விரிசல் விட்டபோது நண்டு வந்தது. கொல்லைப்புறக் கழிவறையின் கதவு பெயர்ந்து விழுந்த வாரம் இறால் வந்தது. அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி போன் செய்து சண்டை போடச் செல்லதுரைக்கு வாய் எழும்பாது. நேற்று எந்தக் குறையும் சொல்லாமலேயே மூன்று கிலோ வஞ்சிரம் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கொல்லைப்பக்கம் போய்ப் போன் செய்தார். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே காயாரோகணத்தின் குரல் கேட்டது.

“நேத்தே சொல்லணும்னுதான் தம்பி மீனு குடுத்துவிட்டேன். படகு அடிப்பலகை போயிடுச்சு. வேற படகு வாங்காம கடலுக்குப் போக முடியாது. வீட்டைக் குடுத்தாத்தான் ஆகும்.”

அதற்குமேல் அலை சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். கடலில் இருந்த அலையா, போனில் இருந்த அலையா என்று அவர் விளக்கவில்லை.

மகள் செம்மொழிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்க இன்னும் பத்தொன்பது நாள். ஆனால் செல்லதுரையின் கவலை அது மட்டுமல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன்பு வாடகைக்கு வீடு தேடி அவரும் காளியம்மாளும் இதே ஊரில் பதினோரு வீட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது கேள்வி எந்தத் தெரு என்பது. தெருவின் பெயரைச் சொன்னதும், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு அந்த நிமிடமே யாரோ குடிவந்துவிடுவார்கள். செல்லதுரையின் அப்பா பக்கத்து ஊரில் பண்ணை வயலில் நாற்றுப் பறித்தவர். அந்தத் தெருவை மறைத்துச் சொல்லச் செல்லதுரைக்கு மனம் வரவில்லை. காயாரோகணம் மட்டும்தான் தெருவைக் கேட்கவில்லை. “மீன் சாப்பிடுவீங்கள்ல? அப்ப வாங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆகவே இந்த ஓட்டை வீட்டின்மேல் செல்லதுரைக்குக் காதல் எதுவும் இல்லை. மறுபடியும் பதினோரு படி ஏற வேண்டுமே, இந்த முறை விவரம் தெரிந்த மகள் பக்கத்தில் நிற்பாளே என்ற பயம்தான்.

வந்தவரை விரட்ட ஒரே வழி, வீட்டின் லட்சணத்தை உள்ளபடி காட்டுவது என்று முடிவு செய்தார். சைபுல்லாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். விரிசலுக்குள் தன் நான்கு விரல்களையும் விட்டுக் காட்டினார். துடைப்பக் கட்டையால் உத்தரத்தைக் குத்த, கரையான் அரித்த தூள் இருவர் தலையிலும் கொட்டியது. பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லையே திருப்பி அனுப்புகிறவர் நான், இந்தச் சுவரில் எத்தனை சதவீதம் என்று சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். கடைசியாகக் கழிவறைக்குக் கூட்டிப்போய், கதவு இருந்த இடத்தைக் காட்டினார்.

சைபுல்லா தலையில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“ரொம்ப சந்தோஷம் சார். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டத்தான் வாங்குறேன். ஓட்டு வீடாச்சே, சுவர் கெட்டியா இருந்தா மிஷினுக்கு ரெண்டு நாள் வாடகை ஆகுமேன்னு யோசிச்சிட்டிருந்தேன். இது ஒரு காலைல முடிஞ்சிடும். பத்து நாள்ல காலி பண்ணிடுவீங்கள்ல?”

அவர் போன பிறகு காளியம்மாள் அடுப்பை அணைத்தாள். “ஏங்க, நீங்க சும்மா இருந்திருந்தாலாவது அவரு யோசிச்சிக்கிட்டே இருந்திருப்பாரு” என்றாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கும்பகோணத்தில் எழில்மொழி என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தார் செல்லதுரை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தைரியம் சொன்னார். வீடு கைமாறுவதாலேயே குடியிருப்பவர் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வாங்குகிறவர் விற்றவரின் இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். பழுது பார்த்துத் தரும் கடமையும் அவர் தலையில்தான் என்றார். செல்லதுரைக்கு உயிர் வந்தது.

“வாடகை ஒப்பந்தம் இருக்குல்ல? அதைக் கொண்டுவாங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

ஒப்பந்தம் சுவர் அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதாவது, அது இருந்த இடம் பத்திரமாக இருந்தது. கதவைத் திறந்து எடுத்தபோது, ஈரச் சுவர் வழியாக வந்த கரையான் முத்திரைத்தாளைத் தின்று, அதற்கடுத்து மின்கட்டண அட்டையைத் தின்று, பத்து ஆண்டுக் கோயில் ரசீதுகளையும் முடித்துவிட்டு, செம்மொழியின் இரண்டாம் வகுப்பு ஓவியத்தில் வந்து நின்றிருந்தது. வீட்டைக் காயாரோகணம் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சி மற்ற சாட்சிகளைச் சாப்பிட்டுவிட்டது.

போனில் விவரம் கேட்ட எழில்மொழி, “கோயில் ரசீதுன்னு சொன்னீங்களே, அது என்ன?” என்று கேட்டார்.

செல்லதுரை விளக்கினார். மேல மடவிளாகம் முழுவதுமே அடிமனை கோயிலுக்குச் சொந்தம். மேலே நிற்கிற சுவரும் ஓடும் மட்டும்தான் காயாரோகணத்துடையது. மனைக்கு உரிய வாடகையை வருஷத்துக்கு ஒருமுறை தை மாதம் கோயில் அலுவலகத்தில் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து அவர் வருவது சிரமம் என்று செல்லதுரையே போய்க் கட்டிவிடுவார். அவருக்கு அது பிடித்த வேலையும்கூட. அங்கே எழுத்தராக இருக்கும் பிரகதாம்பாள், வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே “செல்லதுரை சார், வாங்க” என்று மரியாதையாகக் கூப்பிடுவார். செல்லதுரையின் அப்பா கோயிலுக்குள் நுழையாமல் மதிலின் நிழலோடு நின்றுகொண்டவர். மகனுடைய பெயர் உள்ளே உரக்க ஒலிப்பதை வருஷத்துக்கு ஒருமுறை கேட்பதில் செல்லதுரைக்கு ஒரு நிறைவு உண்டு. இதை மட்டும் வக்கீலிடம் சொல்லவில்லை.

“அப்ப கோயில் சம்மதம் இல்லாம அவர் விக்க முடியாது” என்றார் எழில்மொழி. “அங்க ஒரு மனு குடுத்துப் பாருங்க. வித்தாத்தானே பிரச்சினை?”

மனு என்றதும் செல்லதுரைக்குத் தெம்பு வந்துவிட்டது. கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வரவில்லை, தார்ப்பாய் வரவில்லை, எடை மிஷின் ஓடவில்லை என்று பல வருடங்களாக மனு எழுதிப் பழகிய கை. அவருடைய மனுவைப் படித்து ஒரு மேலதிகாரி கண் கலங்கியதாக அலுவலகத்தில் பேச்சு உண்டு.

அன்று மாலையே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார். விரிசல், உத்தரம், கழிவறை எல்லாவற்றையும் படம் எடுத்து இணைத்தார். ஒரே இடத்தில்தான் பேனா நின்றது. காயாரோகணம் என்று எழுதப் போனால், தட்டில் கிடந்த வஞ்சிரத் துண்டு கண் முன்னால் வந்தது. தெருவைக் கேட்காமல் சாவி கொடுத்த மனிதரின் பெயரைத் தன் கையால் எப்படி எழுதுவது? பெயரை விட்டுவிட்டு, கதவு எண் பதினான்கு, மேற்படி மனைதாரர் என்று மட்டும் போட்டார். பெயர் போய்விட்டதால் மனசாட்சியும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. வேகம் கூடியது.

“மேற்படி மனைதாரர் தெய்வத்தின் சொத்தில் இருந்துகொண்டு, கட்டடத்தைத் தெரிந்தே பாழ்பட விட்டவர். அவர் கூறும் எந்தச் சமாதானத்தையும் செவிமடுக்காமல், எவ்விதக் கருணையும் காட்டாமல், அவரை உடனடியாக மனையிலிருந்து வெளியேற்றும்படி பணிந்து வேண்டுகிறேன்.”

வெளியேற்றிய பிறகு, குடியிருப்பவரைக் கோயிலே தன் வாடகைதாரராக ஏற்றுக்கொள்ளலாம் என்று கடைசியில் சேர்க்கத்தான் நினைத்தார். பேராசையாகத் தெரியும் என்று விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை மனுவைக் கொடுத்தபோது பிரகதாம்பாள் நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி, புதிதாக வந்திருக்கும் அதிகாரியின் மேசைக்கு எடுத்துப் போனார். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு செல்லதுரை வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் காயாரோகணம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐஸ் உருகி வழியும் ஒரு பெட்டி. கோயிலிலிருந்து கடிதம் போய்ச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று செல்லதுரை நினைத்தார்.

காயாரோகணம் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு என் பேர்லதான் தம்பி. பாப்பாவுக்குப் பரிச்சைன்னு காளியம்மா தங்கச்சி போன் பண்ணித்தான் தெரியும். நேரா ராஜகிரி போயிட்டு வர்றேன். சித்திரை முடியிறவரைக்கும் ஒரு ஓட்டைக்கூடத் தொடக்கூடாதுன்னு பாய்கிட்ட பேசிட்டேன். அப்புறம் அவரு வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு, நீங்க அங்க போயிக்கலாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெருவெல்லாம் கேக்க மாட்டாரு. நான் சொல்லிட்டேன்.”

செம்மொழி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு நாளாக அந்தப் பிள்ளை முகத்தில் இல்லாத சிரிப்பு. காளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்கு இலை போடப் போனாள்.

எவ்விதக் கருணையும் காட்டாமல் என்று எழுதிய வரி செல்லதுரையின் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. இப்படிப்பட்ட மனிதரை வெளியேற்றச் சொல்லி நான்கு பக்கம், அதுவும் படத்தோடு. கோயில் நடவடிக்கை எடுத்தால் வீடு கைமாறாது. வீடு கைமாறாவிட்டால் படகு இல்லை. படகு இல்லாவிட்டால் இந்த மனிதருக்குச் சோறில்லை. சைபுல்லாவின் மாடியும் கிடையாது.

“இதோ வந்துடறேன்ணே, சாப்பிட்டுக்கிட்டிருங்க” என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தார். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. மாசி வெயிலில் சூடேறிய தெருவில் வெறுங்காலோடு ஓடினார். எதிரே நெல் ஏற்றிய டிராக்டரிலிருந்து யாரோ சார் என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிக்கால பூஜை முடிந்து அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்களோ என்ற பதைப்பு ஒன்றுதான் இருந்தது.

பிரகதாம்பாள் பூட்டைக் கையில் எடுத்திருந்தார். அவரைக் கண்டதும், “நல்ல வேளை நீங்களே வந்துட்டீங்க” என்று பூட்டைக் கீழே வைத்தார்.

“அந்த மனுவைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா.” அவருக்கு மூச்சு வாங்கியது. “நான் கோவத்துல எழுதிட்டேன்.”

“இனிமே எப்படி சார் குடுக்கிறது? வீட்டை வந்து பாக்கவே வேணாம், மனுவே போதும்னு அதிகாரி உத்தரவு போட்டாச்சு. முப்பது நாள்ல மனையை விட்டு வெளியேறணும்.” மேசையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். “கொண்டுவந்து குடுக்கணும்னு இருந்தேன்.”

“காயாரோகணம் தங்கமான மனுசன்மா. அவரைப் போய் வெளியேத்திட்டா எங்க குடும்பம் அவர் மூஞ்சில முழிக்க முடியாது. எம்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. அவரை விட்டுடுங்க.”

பிரகதாம்பாள் தடித்த பதிவேட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, அதைச் செல்லதுரையின் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“காயாரோகணம்னு இங்க யாரும் இல்லையே சார், பத்து வருசமா நீங்க வந்து கட்டுறதால பதினாலாம் நம்பருக்கு மனைதாரர்னு உங்க பேர்தான் இருக்கு, தன்னைக் கருணையே இல்லாம வெளியேத்தச் சொல்லி இவ்வளவு நேர்மையா மனு எழுதின மனுசனை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லைன்னு அதிகாரி நேத்துலேந்து சொல்லிட்டிருக்காரு.”