டச்சுக்காரன் கண்ணில் விழுந்த நிழல்

பழவேற்காட்டில் டச்சுக்காரன் மறுபடியும் வந்து இறங்கிவிட்டான். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தவன், இந்த முறை ஒரு மரப்பெட்டியில் வந்தான்.

பசியாவரத்திலிருந்து படகு படகாக ஆட்கள் வந்தார்கள். பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் சுண்டல், மாங்காய், பலூன். நடுவில் அந்தப் பெட்டி. பெட்டிமேல் சுண்ணாம்பில் செய்த மண்டை ஓடு, அதன் உச்சியில் சிவப்பு பல்பு, பக்கத்தில் விளக்குச் சாமி என்று பேர் வைத்துக்கொண்ட சாமியார். தோஷம் உள்ளவன் எதிரே நின்றால் பல்பு தானாக எரியும். சாமி விரலால்கூடத் தொடமாட்டார்.

கல்லறையில் கிடக்கும் கப்பல் தலைவன் ஒருவனின் ஆவிதான் உள்ளே இருக்கிறது என்றார் சாமி. சாமியின் வாய் வழியாக அந்த ஆவி நல்ல தமிழ் பேசியது. வஞ்சிர மீன் கேட்டது, மடவை மீன் ஆகாது என்றது. வெயில் சாய்ந்தபின்தான் குறி சொல்லும். மேகம் மூடினால் அன்று அதற்கு விரதம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவனுக்கும் தோஷம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் கோட்டைக்குப்பம் படகுத்துறை விளக்கில் தொடங்கியது. இருட்டினால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணையும் விளக்கு அது. திடீரென்று அணைய மறுத்து, உச்சி வெயிலிலும் எரிந்தது. ஊர் நடுங்கியது. மூன்றாம் நாளே சாமி வந்துவிட்டார். நோயின் வால் பிடித்துக்கொண்டே வைத்தியர் வந்தால், நோய் யார் வீட்டிலிருந்து கிளம்பியது என்று யோசிக்க வேண்டாமா? ஊர் தேங்காய் உடைத்தது.

மீனவன் வேணுவின் கவலை வேறு. ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது ஊர் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவனுக்கு ஏரி வெறும் தண்ணீர். தோஷக்காரன் பெயரைச் சீட்டில் எழுதக் கூடாது, அவன் பாடு சாமி பேருக்கு என்று டச்சுக்காரன் சொல்லிவிட்டான். சாமி பேருக்கு வலை கட்டியவன் சாமியின் மச்சான். நாலு குடும்பம் இப்படிப் பாடு இழந்து கரையில் உட்கார்ந்துவிட்டது. இன்று வேணுவின் முறை.

வேணு இயல்பிலேயே வாய் திறக்காதவன். காலையிலிருந்து வலையை மடியில் போட்டுக்கொண்டு, தான் செய்த பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தான். தேடித் தேடி, ஆறாம் வகுப்பில் கோயில் தட்டிலிருந்து எடுத்துத் தின்ற வாழைப்பழம் வரைக்கும் போய்விட்டான்.

"அதுக்கா டச்சுக்காரன் எழுந்து வந்தான்?" என்று கேட்டாள் அவன் மனைவி லோகநாயகி. கும்மிடிப்பூண்டியில் தெருவிளக்குப் பாகம் செய்யும் கம்பெனிக்குத் தினமும் வேனில் போகிறவள். அன்று அவளுக்கு விடுமுறை.

மணி நாலு. சாமி வேணுவின் நட்சத்திரத்தைக் கேட்டார். "உத்திராடமா? மேற்கால நில்லு."

சேவலும் பாட்டிலும் கொண்டுவந்தவர்கள் எந்த நட்சத்திரமானாலும் வடக்கில்தான் நின்றார்கள். அது வேறு கணக்கு.

வேணு மேற்கே போய் நின்றான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரிஞ்சிடுச்சு வேணு," என்றார் ஊர்த்தலைவர் சுப்பராயலு. "சீட்டுல உன் பேரு வராது."

வேணு தலையாட்டினான். வாழைப்பழம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

"இரு மாமா," என்று தலைவரைத் தடுத்து லோகநாயகி முன்னால் வந்தாள். புருஷனை இழுத்து விலக்கினாள். பல்பு அணைந்தது. ஓரமாக நின்றுகொண்டு, அவன் நின்ற இடத்தில் மீன் கூடையை நீட்டிப் பிடித்தாள். பல்பு எரிந்தது.

"கூடை இன்னா தோஷம் பண்ணுச்சு சாமி?"

"உள்ள இருக்கிற மீனு பண்ணியிருக்கும்மா."

"காலிக் கூடை சாமி."

எங்கோ ஒருவன் கெக்கலித்தான். சாமியின் முகம் கறுத்தது. "பொம்பள கை பட்டாலே தோஷந்தான்."

"எங்க கையால குடுத்த சேவலை மட்டும் எப்டி துன்னே?" என்றாள் கூட்டத்திலிருந்த பச்சையம்மா. அத்தோடு நிற்கவில்லை, தன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் காட்டினாள். எரிந்தது. ஒருவன் குடையை நீட்டினான். எரிந்தது. சுண்டல்காரன் தாம்பாளத்தை நீட்டினான். சுண்டலுக்கும் தோஷம். போன வாரம் வடக்கில் நின்று சுத்தமானவர் என்று பேர் வாங்கிய சுப்பராயலுவே மேற்கே ஓர் எட்டு வைத்தார். எரிந்தது. விலகினார், அணைந்தது. பெரிய மனிதர், மூன்று தரம் உள்ளே வெளியே ஆடினார்.

லோகநாயகி வேணுவை மறுபடி மேற்கே நிறுத்தி, போன் டார்ச்சை மண்டை ஓட்டின் கண்குழிக்குள் அடித்தாள். பல்பு அணைந்தது.

"டார்ச்சுக்குப் பயப்படுற ஆவியைப் பார்த்துக்குங்க."

குழிக்குள் விரலை விட்டுப் பிடுங்கினாள். பொத்தான் அளவு வில்லை. முகத்தில் ஜிலேபிக் கோடுபோல் வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு.

"இதுக்குப் பேரு எல்.டி.ஆர். நான் தெனம் நூறு வைக்கிறேன். இதும்மேல வெளிச்சம் பட்டா கரண்டைத் தாராளமா வுடும். நெழல் வுழுந்தா அடைச்சிக்கும். அடைச்சதும், இருட்டிடுச்சுனு உள்ள இருக்கிற சுவிச்சு பல்பைப் போடும். தெருவிளக்கு, தோட்டத்து சோலார் வெளக்கு, ரூம்ல எரியுற சின்ன நைட் லேம்ப், எல்லாத்துலயும் இது இருக்கு. சாயங்காலம் மேற்கால நின்னா நெழல் நேரா இதுமேல. வடக்கால நின்னா வுழாது. அவ்ளோதான் உன் உத்திராடம்."

"கண்ணைப் புடுங்கிட்டியே, மறுபடி எரியுதே?" என்றார் சுப்பராயலு. வேணு விலகிவிட்டான், பெட்டிக்கு எதிரே யாரும் இல்லை. பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"கண்ணு இல்லாததுக்கு எப்பவும் இருட்டுதான மாமா. படகுத்துறை விளக்கு ஏன் பகல்ல எரியுதுனு இப்ப தெரியுதா?"

வில்லை பதிந்திருந்த மூடியைத் திருப்பிக் காட்டினாள். படகுத்துறையில் ஊராட்சி விளக்குக்கு அடித்த அதே நீலப் பெயிண்ட்; அங்கிருந்து பிடுங்கிய கண்.

சாமி அதற்குள் ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றிய நேரம். மச்சான் படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. சாமியும் முழங்கால்வரை உட்கார்ந்தார். முந்நூறு வருஷத்துக்கு முன் கடலோடிய ஆவிக்கு வற்றம் எப்போது என்று தெரியவில்லை.

ஊரே படகுத்துறைக்குப் போனது. லோகநாயகி ஏணியில் ஏறிக் கண்ணைப் பொருத்தினாள். விளக்கு அணைந்தது. ஒரு விளக்கு அணைந்ததற்கு அப்படிக் கைதட்டியதை அந்த ஏரி பார்த்திருக்காது. அங்கேயே சீட்டு எழுதினார்கள். அந்த நாலு பெயரோடு வேணு பெயரும். காலையிலிருந்து பேசாத வேணு, "வாழைப்பழம் இல்லியா அப்போ?" என்றான்.

கீழே கூட்டத்திலிருந்த குப்பன் கற்பூரத்தட்டோடு விழுந்து கும்பிட்டான். "ஆத்தா, நீதான் நெசமான விளக்குச் சாமி."

லோகநாயகி ஏணியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

பொத்தான் அளவு ஒற்றைக் கண். பகல் எது, இரவு எது என்று அதற்குத் தெரிகிறது. நமக்கு இரண்டு இருக்கின்றன. கும்பிடும்போது மட்டுமாவது அவற்றை மூடாமல் இருந்தால் என்ன?