கருவா எண்ணெயும் ஹிதாயாவின் அனுபவமும்

இரத்தோட்டை

அன்பின் மச்சான் றம்ஸீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கு என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தா நூருன்னிஸாவுக்கு மூட்டுவலியும் என்மேல் கோபமும் உண்டு. மற்றபடி அல்ஹம்துலில்லாஹ்.

விஷயம் என் மகள், உங்கள் மருமகள் ஹிதாயாவின் வேலை. அவள் கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டத்தோடு வந்த அன்று ஊருக்கே இனிப்புக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஊர்தான் அவளுக்கு வேலை கொடுக்கிறது. மிளகுக்கொடி வாடினால் இலையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டு பீபி, சட்டையில் பட்ட பலாப்பால் கறையைக் காட்டி, "இவ்வளவு படிச்ச புள்ளைக்கு இதக்கூட எடுக்க ஏலாதா?" என்று கேட்டுவிட்டுப் போனா. கம்பனிக்காரர்களுக்கோ ஒரே கேள்வி: முன் அனுபவம் இருக்கிறதா? வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

சரி, நானே கொடுக்கிறேன் என்று, மிளகுக் கடைக்குப் பின்னால் பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்குச் சோறு ஆக்கும் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினேன். கருவாப்பட்டை மரத்து இலையில் எண்ணெய் வடிக்கத் திட்டம். "வாப்பா, இது சோத்துச் சட்டி" என்றாள். "மூடி போட்டா மெஷின்தான் மகள்" என்றேன். அவளே பார்த்து மூடியை இறுக்கி, செப்புக் குழாயைச் சுருளாக வளைத்துத் தண்ணீர் பீப்பாய்க்குள் இறக்கினாள். நான் கவனிக்காத ஒன்று, அந்தச் சுருளைப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் எவருக்கும் கசிப்பு காய்ச்சும் கள்ளச்சாராயக்காரர்தான் ஞாபகம் வரும் என்பது.

முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டும் சுந்தரலிங்கம். சாரத்துக்குள் வெற்றுப் போத்தல். "மொதலாளி, நீங்களுமா? யாருக்கும் சொல்ல மாட்டேங்க. அரைப் போத்தல் மட்டும் ஊத்துங்க" என்றார். எண்ணெய் என்று சொல்லச் சொல்ல, "ஆமாங்க, எண்ணெய்தான், எண்ணெய்தான்" என்று கண்ணடித்தார். பொழுது சாய்வதற்குள் வேலியோரம் வரிசையே நின்றது. அடுத்தநாள் பொலிஸ் வந்தது. சார்ஜனுக்கு ஹிதாயா சுத்தமான சிங்களத்தில் ஆவி எப்படி எண்ணெயாகிறது என்று விளக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் மகனும் இதைத்தான் படிக்க ஆசைப்படுகிறான், வேலை கிடைக்குமா என்று கேட்டார். "இல்லை சேர்" என்றாள். அனுதாபத்தில் வழக்குப் போடாமல் போய்விட்டார்.

பிறகு பள்ளிவாசல் நிர்வாகம் கூப்பிட்டது. கந்தூரிச் சட்டியில் கசிப்பு என்று கதை போயிருந்தது. எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோய் ஒவ்வொருவரின் மூக்கிலும் பிடித்தேன். செயலாளர் பல்வலிக்குத் தொட்டு வைத்துப் பார்த்து, போத்தலைத் திருப்பித் தரவேயில்லை. எங்கள் பெயர் சுத்தமானது.

இவ்வளவும் பட்டு அவளை நேர்முகத் தேர்வுக்கு அனுப்பினேன். அனுபவச் சான்றிதழ் நானே எழுதினேன்: "இவர் என்னிடம் வேலை செய்தவர். மிகவும் திறமைசாலி. என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை." மனேஜர் வாசித்து, பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாராம். வேலை இல்லை. வந்த பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மச்சான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் பெயின்ட் கம்பனியில் பெரியவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். எந்த வேலையானாலும் சரி.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் ரிஸ்க்கிலும் வருமானத்திலும் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஜமால்தீன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மாத்தளையிலிருந்து ஒரு ஏற்றுமதிக்காரர் வந்து எண்ணெயை முகர்ந்தார், வடிப்பது முழுவதையும் தனக்கே தரச் சொல்லிவிட்டார். ஹிதாயா கம்பனி பதிந்துவிட்டாள். என் மிளகு மூட்டைகள் வெளியே. கடை இப்போது லேப். சுந்தரலிங்கம் சுப்பர்வைசர். எனக்கு இலை பொறுக்கும் வேலை. நேற்று டீ குடிக்கப் போய்ப் பிந்தியதற்கு அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டாள். ஆகையால் மச்சான், மேலே ஹிதாயா என்று வரும் இடமெல்லாம் ஜமால்தீன் என்று வாசித்து, பெரியவரிடம் இன்றே பேசவும்.