நிலக்கண் சாமியும் ஒன்பது குழிகளும்

செவ்வாய்க்கிழமை காலையில் கொள்ளிடக் கரைப் பக்கம் போனால், ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசி தேதி மாறி வந்துவிட்டதோ என்று தோன்றும். அவ்வளவு கூட்டம். அங்கே தகரக் கொட்டகை போட்டு நிலக்கண் சாமி உட்கார்ந்திருக்கிறார். நமக்கெல்லாம் தரைக்கு மேலே நடப்பதே பாதி புரிவதில்லை. சாமிக்குத் தரைக்குக் கீழே இருப்பது தெரியும். யார் வீட்டுக் கொல்லையில் யார் செய்வினைத் தகடு புதைத்தார்கள், எந்த மூலையில், எத்தனை சாண் ஆழத்தில் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வார். பிறகு வீட்டுக்கே வந்து தோண்டியும் எடுத்துக் கொடுப்பார்.

சாமியிடம் மத வேற்றுமை கிடையாது. பட்டை போட்டவருக்கு விபூதி, தொப்பி போட்டவருக்குத் தாயத்து, ஜெபமாலை வைத்திருப்பவருக்கு மந்திரித்த எண்ணெய். நாட்டில் ஒற்றுமை எங்கே என்று தேடுகிறவர்கள் அந்த வரிசையில் போய் நிற்கலாம். உள்ளே போக டோக்கன் வேண்டும். டோக்கன் கொடுப்பவர் சாமியின் சீடர் தைரியராஜ். அவர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, வீட்டில் யார் யார், யாருக்கு யாரோடு பேச்சில்லை, கொல்லை எந்தப் பக்கம் என்று இருபது நிமிடம் விசாரித்துத்தான் டோக்கன் தருவார். பிறகு அரை மணி நேரம் கழித்து, சாமி அதையெல்லாம் ஞானதிருஷ்டியில் கண்டு சொல்வார். கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும்.

பெலிண்டாவுக்கும் தரைக்குக் கீழே பார்ப்பதுதான் வேலை. ஆனால் அவளுக்கு மாதச் சம்பளம், டோக்கன் கிடையாது. தெரு தோண்டும் முன் பழைய இரும்புக் குழாய் எங்கே ஓடுகிறது, வால்வு மூடி எங்கே புதைந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். திருவானைக்காவலில் பிலோமின்ராஜ் சார் வீட்டு மருமகள். கம்பெனி புதிதாக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி, இரண்டு வாரத்தில் பழகிக்கொள் என்று அவள் கையில் கொடுத்து அனுப்பியது. நீளத் தடி, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், பிடியில் சின்னப் பெட்டி. கொல்லை பெரிது. பழக வசதி என்று வீட்டுக்கே எடுத்து வந்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

முதல் சனிக்கிழமை மிஷின் அவளைப் படுத்திவிட்டது. ஓரடி வைத்தால் கத்தியது. அடுத்த அடிக்கும் கத்தியது. கத்திய இடத்தையெல்லாம் நம்பித் தோண்டினாள். ஒன்பது குழி. கிடைத்தது மண்புழு. கடைசியில், குவைத்தில் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கும் அலுவலகத்து கலீலுக்குப் போன் செய்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "கால்ல மெட்டி போட்டிருக்கீங்களா?"

பெலிண்டா குனிந்து தன் காலைப் பார்த்தாள். வெள்ளி மெட்டி பளிச்சென்று இருந்தது. இவள் கால் முன்னே போகப் போக மிஷின் அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. கலீல் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். மெட்டியைக் கழற்றச் சொன்னார், பையில் இருக்கும் போனை உள்ளே வைக்கச் சொன்னார். "பெருக்குற மாதிரி வீசாதீங்க. இஸ்திரி போடற மாதிரி தரையை ஒட்டிக் கொண்டுபோங்க. ஒரு வரிசை மேல அடுத்த வரிசை கொஞ்சம் ஏறணும். கத்தினா உடனே தோண்டாதீங்க, குறுக்கேயும் ஒருதடவை பாருங்க."

பெலிண்டா அப்படியே செய்தாள். மெட்டியைக் கழற்றி அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு, கொல்லையில் கயிறு கட்டி வரிசை வரிசையாக நடந்தாள். அடிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டாள். துருப்பிடித்த ஆணிகள், சோடா மூடிகள், வளைந்த கரண்டி, புருஷன் பிரவீன்ராஜ் பள்ளிக்கூடக் காலத்தில் தொலைத்த காம்பஸ் எல்லாம் வெளியே வந்தன. பிறகு கலீல் சொல்லிக் கொடுத்தபடி, தானே நாணயத்தையும் பித்தளை மூடியையும் அரைச் சாணில், ஒரு சாணில் புதைத்து, எந்த ஆழத்துக்கு எப்படிச் சத்தம் வருகிறது என்று கேட்டுப் பழகினாள். பழகி முடித்ததும் எடுத்துவிட்டாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கொல்லை முழுக்க நடந்தபோது மிஷின் வாய் திறக்கவில்லை. அங்கே ஓர் ஊசி கிடந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். திருச்சி ஜில்லாவிலேயே சுத்தமான மண் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அற்புதம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றி வைத்திருக்கிறாள். உதடு முணுமுணுக்கிறது. தோண்டுகிறாள், எதையோ புதைக்கிறாள், மண்ணைத் தள்ளி மூடுகிறாள். அற்புதம்மாள் பொய் சொல்கிற ஆள் இல்லை. பார்த்ததை அப்படியே மாமியார் லூர்துராணியிடம் சொன்னார். பார்த்ததற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவில் இருந்த பள்ளத்தை லூர்துராணி தாமே நிரப்பிக்கொண்டார்.

வீட்டில் கெட்டது நடந்திருக்கிறதா என்று யோசித்தால், எந்த வீட்டிலும் நடந்துதான் இருக்கும். லூர்துராணிக்கு முட்டி வலி. அது பதினோரு வருஷமாக இருக்கிறது என்பது வேறு விஷயம். சார் ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்தார். பிரவீன்ராஜுக்கு வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. மிக்ஸி புகைந்தது. லூர்துராணி செவ்வாய்க்கிழமை கொள்ளிடக் கரைக்குப் போனார். தைரியராஜிடம் இருபது நிமிடம் மனம்விட்டுப் பேசி டோக்கன் வாங்கினார். சாமி கண்ணை மூடி, "வெளியிலேர்ந்து வந்த கை. ஒன்பது குழி. எட்டு பொய், ஒண்ணு மெய்" என்றார். லூர்துராணிக்குத் தலை சுற்றியது. ஒன்பது என்று சாமிக்கு எப்படித் தெரியும்?

வரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமி நேரில் வந்து தகட்டை எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் எடுத்தால் மட்டும் போதாதாம். வைத்த கை அதே வீட்டில் இருந்தால் மறுபடி வைக்குமாம். தகடு கிடைத்த அன்றே மருமகளைப் புள்ளம்பாடியில் அவள் அம்மா வீட்டுக்கு ஒரு மண்டலம் அனுப்பிவிட வேண்டும் என்பது சாமியின் உத்தரவு. ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே தெருவில் ஒரு பெண் இப்படிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இது காதுக்கு வந்ததும் பெலிண்டா அழவில்லை, கொதித்தாள். மிஷினோடு கம்பெனி கொடுத்த கடிதத்தைக் காட்டினாள். மாமனாரிடம் போய் நின்றாள். பிலோமின்ராஜ் சார் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தியவர். "மின்காந்தத் தூண்டல் எனக்குத் தெரியும்மா. ஆனா இது வேற" என்றார். எப்படி வேற என்று அவர் சொல்லவில்லை, முப்பத்தொரு வருஷத்தில் யாரும் கேட்டுப் பழக்கமும் இல்லை. பிரவீன்ராஜ் தரையைப் பார்த்தபடி, அம்மா நிம்மதிக்காக ஒருதடவை பார்த்துவிடட்டுமே என்றான். சனிக்கிழமை ராத்திரியே அவள் துணிகளை அடுக்கிப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்தவனும் அவன்தான். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. வேண்டாம் என்று தடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும். சரி, சாமி தோண்டட்டும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என் மிஷினை ஓட்ட விடுங்கள், நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள் என்று மாமனாரைக் கேட்டாள். பரிசோதனை என்ற வார்த்தையைக் கேட்டதும் சாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நாற்பது பேர். மதில்மேல் எட்டுப் பேர். தோளில் அகலமான மஞ்சள் துண்டு, பத்து விரலில் ஐந்து மோதிரம், கையில் பித்தளைப் பூண் போட்ட தடி என்று சாமி வந்து இறங்கினார். மிஷினைப் பற்றிச் சொன்னதும் பெருந்தன்மையாகச் சிரித்தார். மண்ணைத்தானே பார்க்கப் போகிறது, பார்க்கட்டும் என்றார். பிலோமின்ராஜ் சார் சட்டென்று வகுப்புக்குள் போய்விட்டார். பரிசோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும், குழி அருகில் நிற்பவர்கள் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சாமி மோதிரங்களையும் காப்பையும் தடியையும் தட்டில் வைத்தார். துண்டில் என்ன உலோகம் இருக்கப்போகிறது? அது தோளிலேயே இருந்தது.

முதலில் மிஷினுக்குப் பரீட்சை. பெலிண்டாவை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சார் பித்தளை டபரா ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, வேறு நாலு இடத்திலும் மண்ணைக் கிளறி வைத்தார். அவள் வந்து, காதில் எதையும் மாட்டாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்து, இஸ்திரி போடுவது போல் தரையைத் தடவிக்கொண்டே போனாள். கிளறிய மூன்று இடங்களைத் தாண்டிப் போனாள். நாலாவதில் மிஷின் கத்தியது. குறுக்கேயும் பார்த்தாள், கத்தியது. டபரா வெளியே வந்தது. மதில்மேல் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்து சாமி எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். அது கறிவேப்பிலைச் செடி அருகில் போய் நின்றது. செப்புத் தகடு, உள்ளங்கை அகலம், ஒரு சாண் ஆழம் என்று சாமி அறிவித்தார். பெலிண்டா அந்த இடத்தில் நீளவாக்கில் பார்த்தாள், குறுக்குவாக்கில் பார்த்தாள். மிஷின் மூச்சு விடவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சாமி அசரவில்லை.

"செய்வினை சத்தம் போடாதும்மா. அது ஒளிஞ்சுக்கும்."

"செய்வினை போட வேண்டாங்க. செம்பு போடுமே" என்றாள் பெலிண்டா.

கூட்டத்துக்கு சாமி சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. ஒளிந்துகொள்ளத் தெரியாத செய்வினை என்ன செய்வினை? தைரியராஜ் மண்வெட்டியால் ஒன்றரைச் சாண் ஆழத்துக்குத் தோண்டினார். மண்வெட்டியைத் தூரப் போடச் சொல்லிவிட்டு, பெலிண்டா குழிக்குள் பார்த்தாள், வெளியே குவித்த மண்ணையும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிலோமின்ராஜ் சாரின் புருவம் மெதுவாக மேலே ஏறியது.

தைரியராஜ் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் குழியில் கொட்டினார். குழி சேறானது. சாமி மண்டியிட்டு, எல்லோரும் கண்ணை மூடுங்கள், தகடு எழும்பும் நேரத்தில் பார்த்த கண் அவிந்துவிடும் என்றார். நாற்பது பேரும் மூடினார்கள். மதில்மேல் இருந்தவர்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு மூடினார்கள். மின்காந்தத் தூண்டல் தெரிந்த சாரும் மூடினார். பெலிண்டா மூடவில்லை. துண்டு தோளிலிருந்து நழுவி சாமியின் வலது கையை மூடியது. கை குழியை நோக்கி இறங்கியது. அவள் மிஷினின் வட்டத்தைக் கைக்கும் குழிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மிஷின் ஊரைக் கூட்டியது. சாமி கண்ணைத்தான் மூடச் சொல்லியிருந்தார், காதை மூடச் சொல்ல மறந்துவிட்டார். நாற்பது ஜோடிக் கண்களும் திறந்தன. ஒன்றுகூட அவியவில்லை. சாமியின் கை அந்தரத்தில் நின்றது.

"சாமி, தகடு இன்னும் மண்ணுக்குள்ள போகவே இல்லீங்க. துண்டை உதறுங்க" என்றாள் பெலிண்டா.

அது மந்திரித்த துண்டு, உதறக் கூடாது என்று தைரியராஜ் குறுக்கே வந்தார். பிலோமின்ராஜ் சார் எழுந்தார். பின்பெஞ்சு பையன்களை நடுங்க வைத்த குரல் அது, ஓய்வு பெற்றும் ஓயவில்லை. "உதறுய்யா" என்றார்.

மூன்று தகடுகள் விழுந்தன. ஒவ்வொன்றையும் துண்டுக்குள்ளேயே உருவி எடுக்கும்படி பேப்பரில் மடித்து, மாறிப் போய்விடக் கூடாது என்று பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதியிருந்தது. ஒன்றில் 'மருமகள்'. ஒன்றில் 'பங்காளி'. ஒன்றில் 'பக்கத்து வீடு'. அன்றைக்கு சாமிக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்திருக்கிறது. அங்கே மாட்டப்போகிறவர்களும் ஏற்கெனவே தயார். இப்படி எத்தனை கொல்லைகளில் எத்தனை பெண்கள் பெட்டியோடு படியிறங்கினார்களோ என்று நினைத்தபடி பெலிண்டா 'மருமகள்' தகட்டை எடுத்துக் குழி ஓரத்தில் வைத்தாள்.

அற்புதம்மாள் மூன்றாவது பொட்டலத்தைக் கையில் எடுத்தார். பெலிண்டா மேல் பழி வந்தபோது அவருக்கு அது தெய்வ சத்தியமாக இருந்தது. இப்போது, "பக்கத்து வீடுன்னா யாரு? யாரச் சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே சாமி இருந்த பக்கம் பாய்ந்தார். பதில் சொல்ல சாமி அங்கே இல்லை. தரைக்குக் கீழே பார்க்கும் கண்ணுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதும் நன்றாகவே தெரிந்திருந்தது. மோதிரத் தட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப்போனார்.

கூட்டம் உடனே தெளிந்துவிட்டதாக நினைத்தால், நீங்கள் நம் ஜனங்களைப் பார்த்ததில்லை. இவன் போலி, திருவெள்ளறைப் பக்கம் அசல் ஒருத்தர் இருக்கிறார் என்று ஒருவர் போன் நம்பர் தேடினார். இன்னொருவர் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தம் வீட்டுக்கும் அம்மாவை ஒருதடவை எழுந்தருளச் சொல்ல வேண்டும் என்றார். அம்மா என்றால் மிஷின். அதில் இருப்பது சக்தி இல்லை, பேட்டரி என்று பெலிண்டா சொன்னாள். பேட்டரியை எந்தக் கோயிலில் மந்திரித்தது என்று அவர் கேட்டார்.

பிரவீன்ராஜ் அருகில் வந்து மன்னிப்புக் கேட்பது போல் என்னவோ முனகினான். பெட்டியில் அடுக்கியதையெல்லாம் நீங்களே திரும்ப எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவன் போனான்.

எல்லோரும் கலைந்த பிறகு லூர்துராணி மருமகள் அருகில் வந்து உட்கார்ந்தார். குழியைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது அவன் கொண்டாந்தது. ஒத்துக்கறேன். அப்ப நீ வச்சது எங்கம்மா?"

பெலிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. மிஷினின் சுவிட்சை அணைத்தாள்.

"கத்தினாத்தான் மிஷின் பேசுதுன்னு நெனைக்கிறீங்க அத்தை. சும்மா இருந்தாலும் அது சொல்ற சேதிதான். கொல்லையில ஒண்ணும் இல்ல. என் மேலயும் ஒண்ணும் இல்ல. இதுக்கு மேலயும் தோண்டணும்னா, உங்க தலைக்குள்ளதான் தோண்டணும். அத உங்களுக்காக நான் தோண்ட முடியாது."

லூர்துராணி அன்று முழுவதும் கொல்லைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். யோசித்துக்கொண்டிருந்தார் என்றே நம்புவோம். பழக்கமில்லாத வேலை. நம் எல்லோருக்குமே அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.