ஒரே ஒரு தடவை புகை விடுங்கள், மாப்பிள்ளை!

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் கப்பல் இன்ஜினும் சுகமாக இருப்பீர்கள். இன்ஜின்தான் கொஞ்சம் அதிகமாகச் சுகப்பட்டுவிட்டது. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

முன்பெல்லாம் உங்கள் கப்பலுக்கு முன்னால் அதன் புகை வந்து சேர்ந்துவிடும். அத்தனை கறுப்பு வேறெந்தக் கப்பலுக்கும் கிடையாது. உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று என் மகள், "அப்பா, அவரு புகை தெரியுது, எந்திரிங்க!" என்பாள். நானும் உங்கள் அத்தையும் உங்கள் கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டு, பெட்டியோடு பின்வாசல் வழியாக என் தம்பி வீட்டுக்கு நடையைக் கட்டுவோம். அதாவது, சும்மா மகளைப் பார்க்க வந்த நாட்களில். நாங்கள் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உங்கள் வீட்டிலேயே டேரா போட்டிருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது புகைபோக்கியில் ஏதோ இயந்திரம் வைத்து, கடல் தண்ணீரைத் தெளித்துப் புகையைக் குளிப்பாட்டுகிறீர்களாம். கப்பலைக் கரையில் கட்டியதும் இன்ஜினை நிறுத்திவிட்டுத் துறைமுகத்துக் கரண்ட்டை எடுத்துக்கொள்கிறீர்களாம். நல்ல காரியம், மறுக்கவில்லை. மாடியில் காயும் துணியில் கரி விழுவதில்லை. உங்கள் அத்தைக்கு இருமல் நின்றுவிட்டது. இருமலால் பாதியில் நின்ற பேச்செல்லாம் இப்போது முழுசாக வருகிறது, கேட்க நான் ஒருத்தன்தான். ஆனால் போன தடவை நடந்ததை யோசித்துப் பாருங்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதே என்று நான் நிம்மதியாக உங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருக்கிறேன், கண்ணாடியில் எனக்குப் பின்னால் நீங்கள்! "எப்ப வந்தீங்க மாமா?" என்றீர்கள். "இப்பத்தான் மாப்பிள்ளை, அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றேன், பாதிக் கன்னத்தில் சோப்போடு. உங்கள் அத்தை வேறு உள்ளேயிருந்து, "யாருங்க அது, கேஸ்காரனா? நாளைக்கு வரச் சொல்லுங்க!" என்கிறாள். மானம் கப்பலேறிப் போச்சு மாப்பிள்ளை, அதுவும் உங்க கப்பல்லயே! வருமுன் ஒரு போன் செய்யலாம். உங்களுக்கோ சொல்லாமல் வந்து நிற்பதில் ஒரு குஷி.

ஆகையால் ஒரு சின்ன வேண்டுகோள். உலகக் கடலெல்லாம் சுத்தமாகவே போங்கள். நம்ம கரை கண்ணில் பட்டதும் மட்டும் அந்தக் குளியலை ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரே ஒரு தடவை புகை விடுங்கள். பெட்டி கட்டுகிற அளவுக்குப் போதும்.

கடல் அமைதியாகவும் சம்பளம் கொந்தளிப்பாகவும் இருக்க ஆசி கூறும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் நீங்களே வந்து, என் தோளுக்கு மேலாக நின்று படித்தும் விட்டீர்கள். "அந்தப் புகைய நான்தான் மாமா வேணும்னே விட்டேன், நீங்க கிளம்ப நேரம் வேணுமே! புது மெஷின் விட மாட்டேங்குது. இனிமே எங்கயும் போகாம இங்கேயே இருங்க" என்கிறீர்கள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை. பக்கத்து அறைக்கு ஒரு ஃபேன் மட்டும் தேவைப்படும். அதை நாளைக்குக் கேட்கிறேன்.