முப்பத்தொன்றாம் இடத்து இயற்கைக் காவலர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. பேருந்துப் படியில் ஒரு காலை வைக்கும்வரை, "உள்ளே நிறைய இடமிருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாங்களும் மனுஷங்கதானே" என்று சமத்துவம் பேசும். இரண்டாவது கால் ஏறியதும், "எத்தனை பேரைத்தான் ஏத்துவீங்க, வண்டியை எடுங்க" என்று நடத்துநரை விரட்டும். ஒரே வாய்தான். இரண்டு பேச்சுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு படி. விலங்கியல் நூல்கள் இந்த வகைக்குப் பெயர் வைக்கவில்லை. நான் வைத்திருக்கிறேன்: ஏறிக்கொண்டவர். வீட்டுமனை, சங்கம், பள்ளிச் சேர்க்கை என்று மனிதர்கள் வரிசையில் நிற்கும் இடமெல்லாம் இவர் இருப்பார். ஆனால் அவசரமில்லாமல், அரைக்கால் சட்டையோடு, சாய்வு நாற்காலியில் மல்லாந்திருக்கும் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் அந்த ஏரிக்கரை முகாமுக்கு வர வேண்டும்.

முகாம் என்றால் பயந்துவிடாதீர்கள். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் காருக்குப் பின்னால் வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டோ, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டோ வந்து நாலு நாள் தங்கிப்போகும் புல்வெளி, அவ்வளவுதான். எண் போட்ட நாற்பது இடங்கள். ஆண்களுக்கு நான்கு, பெண்களுக்கு நான்கு என்று எட்டுக் கழிவறைகள். பாத்திரம் கழுவ வரிசையாகத் தொட்டிகள், அவற்றுக்கு மேலே ஒரு அறிவிப்புப் பலகை. எல்லாவற்றையும் நடத்துவது உரிமையாளர் அம்மா. எல்லாவற்றையும் கழுவுவது ஒரே ஒரு அக்கா.

நம்மவருக்கு முப்பத்தொன்றாம் இடம். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; "முப்பத்தொண்ணு வந்துட்டாரா?" என்பார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேத மதிப்பீட்டாளராக முப்பது ஆண்டுகள் எரிந்த கடையையும் நசுங்கிய காரையும் பார்த்துப் பார்த்து, நன்றாக இருக்கிற எதைப் பார்த்தாலும் அது நாளைக்கு எப்படிக் கெடும் என்று கணக்குப் போடும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. வருடத்தில் மூன்று மாதம் இங்கேதான். "இயற்கையோட இருக்கணும் சார், மத்ததெல்லாம் வேஷம்" என்பார். வந்து இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, வண்டிக்கு முன்னால் இருக்கும் பச்சைப் புல்லின்மேல் பிளாஸ்டிக் புல்விரிப்பை விரிப்பது. புல்லில் பூச்சி இருக்கிறதாம். பிறகு தொலைக்காட்சிக்கு ஒரு தட்டு, பறவைச் சத்தம் குறுக்கிடாமல் செய்தி கேட்க ஒரு ஒலிபெருக்கி, கொசுவுக்கு ஒரு நீல விளக்கு, பழச்சாறுக்கு ஒரு குளிர்பெட்டி. எல்லாம் பொருத்தியபின் ஏரியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, தேநீர்க் கோப்பையைப் பக்கத்திலிருக்கும் மர அடிக்கட்டையின்மேல் வைப்பார். பதினொரு வருடத்துக்கு முன்பு இந்த முகாமில் முப்பது இடங்கள்தான் இருந்தன. "எப்படியாவது ஒரு இடம் பண்ணிக் குடுங்கம்மா" என்று அவர் கெஞ்சிய கெஞ்சலில் உரிமையாளர் அம்மா மனமிரங்கி வெட்டிய மரம் அது.

இப்படிப்பட்டவர் ஒரு காலையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னங்க, விடிஞ்சதும் அளவு நாடாவை எடுத்துட்டீங்க?" என்றார் மனைவி.

"பின்னால இருக்கிற புல்வெளியை ஒழிக்கப் போறாங்க. புதுசா முப்பது இடம். அது பத்தாதுன்னு பன்னிரண்டு சொகுசுக் கூடாரம். உள்ளேயே கட்டில், உள்ளேயே குளியலறை. கூடாரத்துக்குள்ள கட்டில் போட்டுப் படுக்கிறவனுக்கு இயற்கையைப் பத்தி என்னடி தெரியும்?"

"நாமளும் கட்டில்லதானே படுக்கிறோம்?"

"நம்மது மடிக்கிற கட்டில்."

அந்த அறிவிப்பில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாவது கழிவறைக் கட்டடம் ஒன்று. பணியாளர் ஓய்வறை ஒன்று. அவர் அவற்றைப் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்தார். அவை அவர் கண்ணில் பட்டுக் கீழே விழுந்தன.

அன்றைக்கே மனு தயாராயிற்று. ஏறிக்கொண்டவரின் மனுவை நீங்கள் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடலாம். "நான் வளர்ச்சிக்கு எதிரி அல்ல" என்று தொடங்கும். நடுவில் பறவைகள் வரும். அதுவரை ஒரு பறவையின் பெயரும் தெரியாதவர், மூன்று வகைக் கொக்குகளைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார். கொக்குகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

கையெழுத்து வாங்க அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் அபாரம். காலை ஏழு மணி. கழிவறை வரிசை. நாற்பது இடத்து ஜனம் முழுவதும் தோளில் துண்டும் கையில் பல்துலக்கியுமாக, முகத்தில் ஒரு தனி வகைப் பொறுமையோடு நிற்கும் நேரம். யாரும் எங்கேயும் ஓட முடியாது.

"சுற்றுச்சூழலுக்கு ஒரு கையெழுத்து சார்."

"இது நின்னுபோச்சுன்னா புதுக் கழிவறையும் நின்னுடுமா?" என்றார் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு தையற்காரர், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியபடி.

"கழிவறை கட்டினா கூட்டம் வந்துடும்."

"கூட்டம் வந்துடுச்சே சார். எனக்கு முன்னால பதினோரு பேர் நிக்கிறாங்க."

"போடுங்க. உங்களை முன்னால விடச் சொல்றேன்."

தையற்காரர் போட்டார். கழிவறை கிடைக்காமல் தவித்த நூற்றுப்பதினேழு பேர், கழிவறை கூடாது என்று எழுதிய தாளில், கிடைத்த சுவரிலெல்லாம் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அறிவு எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த நேரத்தில் அறிவு வேறு இடத்தில் வேலையாக இருந்தது.

வாளியும் துடைப்பமுமாக வெளியே வந்த அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"சார், அந்தத் திட்டத்துல எனக்கு ஒரு ரூம் போட்டிருக்காங்க. பத்துக்குப் பன்னிரண்டு. தாழ்ப்பாள் வச்சது."

"ரூமா? உனக்கு எதுக்கும்மா ரூம்?"

"சாப்பிட. துணி மாத்த. மழை வந்தா ஒதுங்க. இப்ப ஈரத்துணியோடதான் சார் பஸ் ஏறுறேன். பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க."

"இப்ப எங்க சாப்பிடுறே?"

"தண்ணித் தொட்டிக்குக் கீழே, பிளீச்சிங் பவுடர் மூட்டை மேல."

"நல்ல காத்தோட்டமான இடமாச்சே" என்றார் நம்மவர்.

கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். கொடுமைக்காரரென்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்; இவர் நல்லவர். எதுவும் எதிர்பார்க்காமல் யாருக்கும் வழிகாட்டுவார், வண்டி பழுதானால் தள்ளிவிடுவார், தீப்பெட்டி கேட்டால் இரண்டாகக் கொடுப்பார். அடுத்தவரும் மழையில் நனைவார் என்ற ஒரு செய்தி மட்டும் அவருக்கு எட்டியதே இல்லை.

விசாரணை நகராட்சி மாடியில் நடந்தது. இரும்பு நாற்காலிகள், கிறீச்சிடும் மின்விசிறி, மேசைக்குப் பின்னால் அனுமதி அதிகாரி அம்மா. நம்மவர் முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்து எழுந்து நின்றார்.

"நான் எனக்காகப் பேச வரலை. இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காகப் பேச வந்திருக்கேன்."

பிறக்காதவர்களிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவர்கள் எழுந்து நின்று, "ஐயா, எங்களுக்கு அவசரம், கழிவறை வேணும்" என்று சொல்ல மாட்டார்கள். பிறந்து நாற்பத்தாறு வருடமான ஒருவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தார்.

"அம்மா, அந்த ரூம் விஷயமா ஒரு வார்த்தை..."

"எழுத்துல மனு குடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"மனு குடுத்தவங்கதாம்மா பேச முடியும். உட்காருங்க."

உட்கார்ந்தார். சட்டம் எல்லோருக்கும் பொது. எழுத நேரம் கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொது.

"ஆட்சேபம் நூற்றுப்பதினேழு வந்திருக்கு. திட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக் கொண்டாங்க" என்றார் அதிகாரி. உரிமையாளர் அம்மா வரைபடத்தை மடியில் விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். சொகுசுக் கூடாரம் பன்னிரண்டும் இருக்கட்டும். அவற்றுக்குள்ளேயே குளியலறை இருக்கிறதே. புது இடம் முப்பது, பத்தாகட்டும். கழிவறைக் கட்டடம், கோடு. ஓய்வறை, கோடு. பசுமை காப்பாற்றப்பட்டது. எதை வெட்டினால் கல்லாவுக்கு வலிக்காதோ அதை வெட்டினார். அவர்மேலும் எனக்குப் பெரிய கோபமில்லை. வெட்டச் சொல்லிக் கத்தியைக் கையில் கொடுத்தவர் வேறு ஆள்.

"ஜெயிச்சுட்டோம்" என்று அறிவித்தார் நம்மவர். ஐம்பது இடங்கள், அதே எட்டுக் கழிவறைகள், கூடுதலாகப் பன்னிரண்டு குளியலறைகள், கழுவ அதே ஒரு அக்கா. இதுதான் வெற்றி.

அடுத்த வருடம் சொகுசுக் கூடாரங்கள் எழும்பின. வெள்ளைத் துணிச் சுவர், மரப்பலகைத் தரை, முன்னால் ஒரு சிறு முற்றம்.

"என் இடுப்பு இனிமே மடிக்கிற கட்டிலுக்கு மடியாது. ஏழாம் நம்பர் கூடாரம் சொல்லிட்டேன். நீங்க வேணும்னா வண்டியிலயே இருங்க" என்றார் மனைவி.

எதிரியின் கோட்டையை உள்ளிருந்து ஆராய்வது அவசியம் என்று நம்மவரும் உடன் போனார். முதல் நாள் மெத்தையைக் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் நாள் வெந்நீரில் முக்கால் மணி நேரம் குளித்தார். மூன்றாம் நாள் காலை முற்றத்தில் உட்கார்ந்து ஏரிப்பக்கம் பார்த்தவருக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. எங்கே பார்த்தாலும் வீட்டுவண்டிகள். தலையில் தட்டுகள். கொடியில் உள்ளாடைகள். யாரோ ஒரு ரசனையற்றவன் புல்லின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு வேறு போட்டிருந்தான்.

"இயற்கையை எப்படி நாசம் பண்றாங்க பாரு" என்றார்.

மதியத்துக்குள் மனு தயார். இருபத்தைந்து முதல் நாற்பதுவரை உள்ள இடங்களை உடனே அகற்ற வேண்டும், காட்சி கெடுகிறது, கொக்குகள். ஆமாம், முப்பத்தொன்றும் அதற்குள்தான். அங்கே இப்போது யாரோ ஒரு புதுமணத் தம்பதி.

மனுவை ஒட்டுவதற்குப் பாத்திரத் தொட்டிப் பக்கம் போனார். பலகையில் ஏற்கனவே ஒரு தாள் குத்தியிருந்தது. குண்டு குண்டான எழுத்து, அங்கங்கே நீர்பட்டுக் கலைந்திருந்தது. 'ஒரு ஓய்வறை, தாழ்ப்பாளுடன். கூட ஒரு ஆள். கழிவறை நான்கு. ஐம்பது கையெழுத்து இருந்தால் விசாரணைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.' கீழே பத்தொன்பது கையெழுத்துகள். இரண்டாவது தையற்காரருடையது. முதலாவதை நம்மவர் முப்பத்தாறு வருடமாக வங்கிக் கடிதங்களில் பார்த்துவருகிறார்.

மனைவி தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்கலையே."

"நீங்க போன வருஷம் என்னைக் கேட்டீங்களா?"

"நமக்குத்தான் உள்ளேயே குளியலறை இருக்கே. நமக்கென்ன வந்துச்சு?"

"அதைக் கழுவ வந்துச்சே அந்தப் பொண்ணு. நம்ம பாத்ரூம்ல, கதவைப் பிடிச்சுக்க சொல்லி என்னை நிக்க வச்சுட்டு, ரெண்டு நிமிஷத்துல துணி மாத்திட்டுப் போச்சு. திரும்பத் திரும்ப மன்னிப்பு வேற கேட்டுச்சு."

நம்மவர் தாளை இன்னொரு முறை படித்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்த ரூம் நம்ம கூடாரத்துக்கு எதிர்லதான் வரும்."

"வரட்டும்."

"பார்வைக்கு..."

"நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்குங்க."

அவர் தன் மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பேனா கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாளின் பக்கத்திலேயே ஒரு பேனா நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை நான் எழுதும்போது வியாழக்கிழமை மாலை. என்னுடையதையும் சேர்த்துக் கையெழுத்து நாற்பத்தொன்பது ஆகியிருக்கிறது; பேனா கொண்டுவரப் போனவர் இன்னும் வரவில்லை. நீங்களும் சாப்பிட்ட தட்டோடு இங்கே வந்து நிற்கிறீர்கள். இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் கவனித்தேன், மனம்விட்டுச் சிரித்தீர்கள். இப்போது தாளைப் பார்க்கிறீர்கள், தட்டைப் பார்க்கிறீர்கள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறீர்கள். என்ன, கை ஈரமாக இருக்கிறதா?

அதற்கென்ன. துண்டு பக்கத்திலேயே தொங்குகிறது. நான் காத்திருக்கிறேன்.